பதினேழாம் வளைவில் ஒரு ‘ஏனுங்க’

இரண்டு வாரம் முன்பு, ஒரு வியாழக்கிழமை. ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எஸ்டேட்டுக்கு ஆணியும் கயிறும் வாங்கி வர வேண்டும்.

எஸ்டேட்டில் ரைட்டர் வேலை என்றால் உட்கார்ந்து கதை எழுதுகிற வேலை என்று நினைத்துக்கொண்டு, இந்தப் பத்திரிகையைப் படிக்கிற உங்களில் சிலர் எனக்குக் கடிதம் போடுகிறீர்கள். இல்லை கண்ணுங்களா... காப்பித் தோட்டத்தில் இன்றைக்கு யார் யார் வேலைக்கு வந்தார்கள், எத்தனை மூட்டை பழம் பறித்தார்கள் என்று நோட்டில் எழுதி வைக்கிறவன்தான் ரைட்டர். எட்டாம் வகுப்பு படித்த எனக்கு அதுவே பெரிய இலக்கியம்.

பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் சாக்கை விரித்து, அதன்மேல் கேசட்டுகளை அடுக்கிக்கொண்டு சின்னராசு உட்கார்ந்திருந்தான்.

சின்னராசுவை உங்களுக்குச் சொல்ல வேண்டும். மாரமங்கலத்துக்காரன். எங்கள் எஸ்டேட்டில் மிளகு பறிக்கிறான். உயரமான மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, உச்சிவரை ஏறி, மிளகுச் சரங்களைக் கிள்ளிப் பைக்குள் போட வேண்டும். அவன் அங்கே நின்று பாட்டுப் பாடுவான். அவனே கட்டிய பாட்டு. எழுதத் தெரியாது, எல்லாம் மண்டைக்குள். அவன் பாடப் பாட நோட்டில் எழுதிக் கொடுத்தவன் நான்.

அந்தப் பாட்டுகளை சேலத்தில் ஒரு சின்ன கேசட் கம்பெனி போன சித்திரையில் வெளியிட்டது. நூறு கேசட் அடங்கிய ஒரு பெட்டியை அவனிடமே கொடுத்து, “மலையில வித்துக்க. இது தீர்ந்தா ரெண்டாவது கேசட்டு போடலாம். தீரலைன்னா மிளகையே பாரு” என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ரெண்டாவது கேசட்டுக்கு அவனிடம் எட்டுப் பாட்டு தயாராக இருந்தது. அட்டைப் பூச்சியைப் பற்றியே இரண்டு.

கேசட்டில் எல்லாரும் விரும்புகிற பாட்டு எது தெரியுமா? கடைசிப் பாட்டு. மாப்பிள்ளை ஒருவன் பெண் பார்க்க, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ் ஏறுகிறான். பெண் வீட்டுக்குச் சீராக ஒரு பெரிய பூசணிக்காய். மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு அல்லவா? ஒவ்வொரு வளைவிலும் பூசணிக்காய் பஸ்ஸுக்குள் உருளும்.

‘ஒண்ணாம் வளைவிலே ஓரத்துச் சீட்டு,
ரெண்டாம் வளைவிலே கண்டக்டரு காலு...’

இப்படியே போகும். பதினேழாம் வளைவில் அது மாப்பிள்ளையின் மண்டையிலேயே விழும். அவன் மயங்கிப்போய், ‘கூப்பிட்டது யாரு? என்னைக் கூப்பிட்டது யாரு?’ என்பான். பிறகு ஒரு நிமிஷம் உடுக்கை மட்டும்.

சரி, பஸ் ஸ்டாண்டுக்கு வருவோம். குரங்குக் குல்லா போட்ட ஒருவர் சின்னராசுவிடம் வந்து, கையிலிருந்த கேசட்டை நீட்டினார். எங்கள் பக்கத்தில் யாரைக் கூப்பிடவும் ‘ஏனுங்க’தான்.

“ஏனுங்க, நேத்து உங்ககிட்டத்தான் வாங்கினனுங்க. டூப்ளிகேட்டைக் குடுத்துட்டீங்களே.”

“டூப்ளிகேட்டுங்களா? கம்பெனி கேசட்டுங்க. அட்டையைப் பாருங்க, என் போட்டோவே இருக்குது.”

அவர் போட்டோவைப் பார்த்தார். சின்னராசுவைப் பார்த்தார்.

“போட்டோவுல கோட்டு போட்டிருக்குது. நீங்க போடலீங்களே.”

“அது போட்டோ புடிச்சவரு கோட்டுங்க.”

“அது கெடக்கட்டும். பதினேழாவது வளைவுல அந்தம்மா பேசறது எங்கீங்க?”

“எந்தம்மா?”

“தெரியாத மாதிரி கேக்கறீங்க பாருங்க. ‘கூப்பிட்டது யாரு’ன்னு நீங்க பாடுவீங்க. உடனே அந்தம்மா, ‘ஏனுங்க... பாலு பொங்குது, எந்திரிங்க’ன்னு சொல்லும். எங்க ஊட்டுக் கொளந்தைங்க அதுக்குத்தானுங்க நொம்பச் சிரிக்கும். மச்சான் ஊட்டு கேசட்டுல இருக்குது. டீக்கடை கேசட்டுல இருக்குது. காசு குடுத்து வாங்கின இதுல மட்டும் இல்லை. அதோட டேப்பை நிறுத்திட்டனுங்க. அப்ப எதுங்க டூப்ளிகேட்டு?”

என் கையிலிருந்த குடை கீழே விழுந்தது.

‘ஏனுங்க... பாலு பொங்குது, எந்திரிங்க.’ அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி யாரென்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. பெயர் சரோஜா. என் மனைவி.

நடந்தது இதுதான். பாட்டு எழுதிக் கொடுத்ததற்காக, பெட்டியை உடைத்ததும் முதல் கேசட்டை சின்னராசு எனக்குத்தான் கொடுத்தான். அதைக் கேட்ட எங்கள் ஜீப் டிரைவர் மணி, மறுநாளே ஒரு காலி கேசட்டும் தன் டேப் ரெக்கார்டருமாக வந்து நின்றார்.

“ரைட்டருங்க, ஒரே ஒரு காப்பி. நமக்குள்ளதானுங்களே.”

டவுனில் இதற்கெல்லாம் ஒயர் இருக்கிறதாம். எங்களிடம் இரண்டு டேப் ரெக்கார்டரும் ஒரு கதவும்தான் இருந்தன. இரண்டையும் எதிரெதிரே வைத்தோம் — சம்பந்தி வீட்டார் மாதிரி. ஒன்று பாடும், மற்றது கேட்டு எழுதிக்கொள்ளும். நடுவில் யாரும் மூச்சு விடக் கூடாது. கொக்கி இல்லாத ஜன்னல் காற்றில் அடிக்கும், அதைப் பிடித்துக்கொண்டு நிற்க சரோஜா. பக்கத்து வீட்டு ஆடு கத்தாமல் பார்த்துக்கொள்ள, வெளியே என் மகள் பூங்கொடி. கண்ணை மூடிக்கொண்டு ரசிக்க நான்.

சரோஜா பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். பாதியில்தான் அது ஞாபகம் வந்திருக்கிறது. ஜன்னலை விட முடியாது. எனக்குக் கையைக் காட்டினாளாம், தலையை ஆட்டினாளாம், புருவத்தைத் தூக்கினாளாம். கண்ணை மூடியிருந்த எனக்கு என்ன தெரியும்? கடைசியில் அடக்க முடியாமல் சொல்லிவிட்டாள். சின்னராசு பாட்டில் கேள்வி கேட்டு முடித்த அதே இடத்தில்.

நான் ஓடிப்போய்ப் பாலை இறக்கி, அடுப்பைத் துடைத்துவிட்டு வந்தேன். இரண்டு டேப்பும் நின்றிருந்தன. முடிந்தது என்று எடுத்து மணியிடம் கொடுத்துவிட்டேன். ஒரு இடத்தில் ஒரு வார்த்தை, அதனால் என்ன வந்துவிடப் போகிறது?

வந்தது. மணியிடமிருந்து டீக்கடைக்கு. டீக்கடையிலிருந்து லாட்ஜுக்கு. அங்கிருந்து கிளியூர். கிளியூரிலிருந்து செம்மநத்தம். எல்லாரும் எங்களைப் போலத்தான் — எதிரெதிரே வைத்து, கதவைச் சாத்தி. ஒவ்வொரு வீடும் தன் பங்குக்கு ஏதாவது சேர்த்தது. டீக்கடை கேசட்டில் கிளாஸ் கழுவுகிற சத்தம். செம்மநத்தம் கேசட்டில் நாய் இரண்டு தடவை குரைக்கும். ஆனால் எல்லாவற்றிலும் சரோஜா உண்டு.

பஸ் ஸ்டாண்டில் நான் இதைச் சொன்னேனா? சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, வராத பஸ் வருகிற திசையைப் பார்த்தேன். பெரியவர்கள் பொய் சொல்ல வேண்டியதே இல்லை கண்ணுங்களா, திசையைப் பார்த்தால் போதும்.

குல்லாக்காரர் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். சின்னராசு என்னிடம் வந்தான்.

“பாத்தீங்களா ரைட்டரண்ணா. சேலத்துல எவனோ என் பாட்டைத் திருடி, அதுல ஒரு பொம்பளையையும் பேச வெச்சு விக்கறான். அதாங்க நம்முளுது போக மாட்டீங்குது. அந்தப் பொம்பள மட்டும் என் கையில கெடைக்கட்டும்...”

“பொம்பளைய விடு சின்னராசு. பாவம், யாரோ என்னமோ.”

“நீங்க நொம்ப நல்லவருங்கண்ணா.”

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பெட்டியில் எழுபத்தொன்று மீதி. விற்றதெல்லாம் ஏற்காடு சுற்றிப் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் வாங்கிப் போனது. திங்கட்கிழமை கம்பெனி மேனேஜர் வருகிறார். மீதியை எடுத்துக்கொண்டு கணக்கை முடித்துவிடுவாராம். இத்தனைக்கும் மலையில் சின்னராசு பாட்டு ஒலிக்காத இடமே இல்லை. அவன் நடந்து போனால் பஸ் தானாக நிற்கும். “பூசணிக்காய்க்காரரு வர்றாரு, எடம் விடுங்க” என்பார்கள். கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார வைப்பார்கள். டீக்கடைக்காரர் அவனிடம் காசே வாங்குவதில்லை.

“உம்பட பாட்டுக்காவவே கூட்டம் வருது சாமி. டீ குடி, வடை சாப்பிடு.”

“அப்ப ஒரு கேசட்டு வாங்கிக்கலாமுங்களே.”

“எதுக்கு? அதான் இருக்குதே.”

கோபப்படவும் முடியாது. வடை வாயில் இருக்கும்.

அன்று சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். சரோஜா பயப்படுவாள் என்று நினைத்தேன்.

“எம்பட குரலுங்களா? எங்கெங்க கேக்குதாம்?”

“கிளியூர், செம்மநத்தம்...”

“மாரமங்கலத்துல?”

“அங்கயும்தான்.”

“எங்க சின்னம்மா ஊடு அங்கதானுங்க இருக்குது,” என்று தலையை ஒரு தடவை வாரிக்கொண்டாள். ரேடியோவில் பேசியவள் மாதிரி.

பூங்கொடிதான் என்னைப் பிடித்துக்கொண்டாள். ஐந்தாம் வகுப்பு. அந்த வயதில் கேள்விகள் எல்லாம் நேராக வரும்.

“அப்பா, நாம திருடினமா?”

“சேச்சே. சின்னராசு பாட்டு சின்னராசுகிட்டயேதான் இருக்குது. நாம எதை எடுத்தோம்?”

“அப்ப மல்லிகா நோட்டைப் பாத்து நான் கணக்கு எழுதினா? மல்லிகா கணக்கும் மல்லிகாகிட்டயேதான் இருக்கும்.”

“அது தப்பு.”

“ஏனுங்கப்பா?”

“அது... பரீட்சை.”

“இது?”

நான் தண்ணீர் குடித்தேன். சரோஜா நான் குடிக்கிறதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யோசித்துப் பாருங்கள். எங்கள் மலையே காப்பி மலை. ஒரு காப்பியை நட்டு, நிழல் கொடுத்து, பழம் பறித்து, தோல் நீக்கி, உலர்த்தி, மூட்டை கட்ட வேண்டும். ஒரு மூட்டை குறைந்தால் நான் மூன்று பேரைக் கூப்பிட்டு விசாரிப்பேன். இன்னொரு காப்பிக்கு இரண்டு பொத்தானை அமுக்கினால் போதும். எத்தனை எடுத்தாலும் எந்த மூட்டையும் குறைவதில்லை. அதனால்தான் அது தப்பென்றே தோன்றுவதில்லை. இரண்டுக்கும் தமிழில் ஒரே பேரை வைத்தது யாரோ?

படுத்த பிறகுதான் பூங்கொடிக்குப் பதில் கிடைத்தது. சின்னராசுவின் பாட்டை நான் எடுக்கவில்லை. அந்தப் பாட்டை வாங்க வந்திருக்க வேண்டிய ஆளை எடுத்துக்கொண்டேன். முதல் ஆள் மணி. அவருக்குப் பின்னால் ஒரு மலையே வரிசையில் நின்றிருக்கிறது.

சனிக்கிழமை சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். இடத்தையும் தேர்ந்தெடுத்தேன். அவன் ஏணியின் உச்சியில் இருக்கும்போது. கேட்டவுடன் கோபம் வந்தாலும், அவன் இறங்கி வருவதற்குள் நான் ஆபீசுக்குப் போய்விடலாம் இல்லையா?

“சின்னராசு...”

“சொல்லுங்கண்ணா,” என்று மேலேயிருந்து குரல் வந்தது.

“அந்தப் பொம்பள யாருன்னு தெரிஞ்சுபோச்சு.”

“யாருங்க?”

“உங்க அக்கா.”

“எனக்கு அக்காவே இல்லீங்களே.”

“நீ அக்கான்னு கூப்பிடுவியே... எங்க ஊட்டுல.”

மேலே மிளகு கிள்ளுகிற சத்தம் நின்றது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னல், பால், மணி, ஒரே ஒரு காப்பி. கழுத்து வலித்தது. ஆனாலும் குனியவில்லை.

சின்னராசு இறங்கி வந்தான். நான் ஓடவில்லை. அவன் பையைக் கழற்றி வைத்துவிட்டு, மரத்தில் சாய்ந்து நின்றான்.

“எத்தனை புடிச்சீங்க?”

“ஒண்ணுதான்.”

“ஒண்ணுதானுங்களா...” விரலில் ஒட்டியிருந்த மிளகைத் தட்டிவிட்டான். “சேலத்துக்காரன்னு நெனச்சப்ப எனக்கு வசதியா இருந்துச்சுங்கண்ணா. நல்லாத் திட்டலாம். இப்ப நீங்கன்னு சொல்லிட்டீங்க. நான் யாரைத் திட்டறது?”

“என்னையத் திட்டு.”

“பாட்டை எழுதிக் குடுத்த கைங்க அது.”

அவன் திட்டியிருந்தால் எனக்கு மத்தியானச் சோறு இறங்கியிருக்கும். மிளகுப் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, “நாளைக்குச் சந்தைக்கு அக்காவைக் கூட்டிட்டு வாங்க” என்றான்.

“எதுக்கு?”

“என் கேசட்டை டூப்ளிகேட்டுங்கறாங்க. அக்காவே வந்து நெசத்தைச் சொல்லட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் சந்தை. மலையில் இருக்கிற எல்லா ஊரும் அன்றைக்கு அங்கேதான். மிளகாய்க்காரருக்கும் பாத்திரக்காரருக்கும் நடுவில் சின்னராசு சாக்கை விரித்தான். எழுபத்தொரு கேசட். மணியின் டேப் ரெக்கார்டர் — அவரையும் விடாமல் இழுத்து வந்திருந்தேன். அதன் பக்கத்தில், நல்ல சேலை கட்டிக்கொண்டு சரோஜா. காலையிலிருந்து தொண்டைக்கு வெந்நீர் குடித்திருந்தாள்.

முதலில் வந்தது கிளியூர்க்காரர் ஒருவர். கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல பாலு பொங்குமுங்களா?”

சின்னராசு சரோஜாவைப் பார்த்தான். சரோஜா என்னைப் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்.

“ஏனுங்க... பாலு பொங்குது, எந்திரிங்க.”

கிளியூர்க்காரர் கையிலிருந்த தக்காளிப் பையைக் கீழே வைத்துவிட்டார்.

“அட, அதே குரலுங்க. அடே பழனி, இங்க வாடா. அந்தம்மா இங்க உக்காந்திருக்குது.”

கூட்டம் சேர்ந்துவிட்டது. மிளகாய்க்காரர் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தார். “இன்னொருக்காச் சொல்லுங்க தாயி” என்றார்கள். சொன்னாள். செம்மநத்தத்துப் பெண்கள் நாலு பேர், “நாய் குரைக்கறதையும் சேத்துச் சொல்லுங்க” என்றார்கள். அது தன்னுடையது அல்ல என்று சரோஜா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

சின்னராசு எழுந்து நின்று விளக்கினான். “ஏனுங்க, இது அக்கா ஊட்டுல பாலு பொங்கினப்ப பேசினதுங்க. பாட்டுல கெடையாது. இது இல்லாத கேசட்டுதானுங்க நெசமான கேசட்டு.”

எல்லாரும் தலையாட்டினார்கள். நன்றாகப் புரிந்தது என்றார்கள். அவனுக்கு வெல்ல மிட்டாய் கொடுத்தார்கள். எத்தனை கேசட் விற்றது தெரியுமா?

ஒன்றும் விற்கவில்லை.

“எங்ககிட்டத்தான் இருக்குதுங்களே,” என்றார் கிளியூர்க்காரர். “அதுல பாட்டும் இருக்குது, அக்காவும் இருக்குது. இதுல பாட்டு மட்டும்தானுங்களே.”

நியாயம்தானே? காசு கொடுத்து எதற்குக் குறைவாக வாங்க வேண்டும்?

சின்னராசு உட்கார்ந்துவிட்டான். வெயில் ஏறி, கூட்டம் கலைய ஆரம்பித்தது. சும்மா இருக்க முடியாமல் மணி டேப் ரெக்கார்டரைத் தட்டிவிட்டார். கம்பெனி கேசட், கடைசிப் பாட்டு. ஒண்ணாம் வளைவு, ரெண்டாம் வளைவு... கூட்டம் நின்று கூடவே பாடியது. பதினேழாம் வளைவில் டேப் பேசாமல் இருக்க, ஐம்பது பேர் சேர்ந்து “ஏனுங்க... பாலு பொங்குது” என்றார்கள். பதினெட்டு. பத்தொன்பது. ‘இருபதாம் வளைவிலே...’ என்று டேப் ஆரம்பித்ததும், எல்லாரும் பழக்கத்தில் கையைத் தட்டிவிட்டுப் பைகளைத் தூக்கினார்கள்.

பாட்டு நிற்கவில்லை.

ஒரு கத்தரிக்காய்க்கார அம்மா கூடையை இடுப்பில் வைத்தபடி அப்படியே நின்றார்.

“இதென்னுங்க... பாட்டு இன்னும் போவுது?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மணி கொண்டுவந்த காலி கேசட் கம்பெனி கேசட்டைவிடக் கொஞ்சம் சின்னது. நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அது ‘இருபதாம் வளைவிலே’ என்ற இடத்தோடு தீர்ந்துபோயிருக்கிறது. அதிலிருந்து போன காப்பி, அதிலிருந்து போன காப்பி... இந்த மலையில் சுற்றுகிற எல்லாக் காப்பியும் அங்கேயே நிற்கிறது. இருபதாவது வளைவு எங்கள் வீட்டைத் தவிர யார் வீட்டிலும் இல்லை.

நான் சின்னராசுவின் காதில் சொன்னேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு குனிந்து, மிளகுச் சரத்தைக் கிள்ளுகிற அதே விரலால், டேப்பை நிறுத்தினான்.

“ஏனுங்க நிறுத்திட்டீங்க?” என்றார் கத்தரிக்காய் அம்மா.

“அவ்வளவுதானுங்க.”

“மாப்பிள்ளை போய்ச் சேந்தானுங்களா?”

“இருக்குதுங்க.”

“பூசணிக்காய்?”

“அதுவும் இருக்குதுங்க.”

“எங்கீங்க?”

சின்னராசு பெட்டியைக் காட்டினான். “இதுலீங்க.”

கிளியூர்க்காரர் முன்னால் வந்தார். “பஸ்ஸு பள்ளத்துல விழுந்துருச்சுன்னல்ல நாங்க நெனச்சிட்டு இருக்கறோம். அதுக்கோசரமே எங்கம்மா அந்தப் பாட்டைக் கொளந்தைங்களுக்குப் போட விடறதில்லைங்க.”

“பூசணிக்காய்தான் விழுந்துச்சு, பஸ்ஸு விழுகலை,” என்றார் ஒரு செம்மநத்தத்துக்காரர்.

“நீ பாத்தியா?”

“பாட்டைக் கேட்டா தெரியாதா?”

“உங்க கேசட்டுலதான் நாய் குரைக்குதே, உனக்கு என்ன கேட்டுச்சு?”

இரண்டு ஊருக்கும் சண்டை. சண்டை தீர ஒரே வழிதான் இருந்தது. கிளியூருக்கு ஒன்று, செம்மநத்தத்துக்கு ஒன்று. அடுத்த ஊருக்கு இந்த இரண்டு ஊர் சொல்லிக் கேட்க விருப்பமில்லை, அதற்கு ஒன்று. கத்தரிக்காய் அம்மா, “ஒருத்தரு சொல்லி நான் ஏன் கேக்கோணும்?” என்று தனக்கே தனக்கென ஒன்று. குரங்குக் குல்லாக்காரர்கூட வந்து, தான் திருப்பிக் கொடுத்ததையே திரும்ப வாங்கிக்கொண்டார். டீக்கடைக்காரர் கடைப் பையனிடம் அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

சாயங்காலம் மூன்று மிச்சம். மணி ஒன்றை வாங்கினார். அவர் முகத்தில் வெட்கம் இருந்தது. இன்னொன்றை நான் வாங்கினேன். “உங்களுக்குத்தான் குடுத்துட்டனே அண்ணா” என்றான் சின்னராசு. “அது நீ குடுத்தது. இது நான் வாங்கறது” என்றேன். கடைசி ஒன்றை அவனே எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பாடியவனிடம் இத்தனை நாளாக ஒன்றுகூட இல்லையாம்.

மறுநாள் மேனேஜர் வந்து காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். தட்டியும் பார்த்தார். ரெண்டாவது கேசட்டுக்குப் பாட்டு இருக்கிறதா என்று கேட்டார். அட்டைப் பூச்சியில் ஆரம்பித்த சின்னராசு, எட்டையும் பாடித்தான் நிறுத்தினான்.

“அதுல அந்தம்மாவையும் பேச வெச்சா நல்லாப் போகும்” என்று மேனேஜர் சரோஜாவிடம் ஆள் அனுப்பினார்.

“பாலு பொங்காம எனக்கு வராதுங்க” என்று சொல்லியனுப்பிவிட்டாள்.

உங்களுக்குச் சந்தேகம் இருக்கும் — இருபதாவது வளைவில் என்னதான் நடந்தது? நான் எழுதப் போவதில்லை கண்ணுங்களா. எழுதினால் அதுவும் ஒரு காப்பிதானே? பூங்கொடியின் பரீட்சையில் ஒரு தடவை தோற்றதே போதும்.

நகல் எடுக்கிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பிடிக்காத பாட்டை யார் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிவு செய்வார்கள்? மலை முழுக்க சின்னராசு பேர் பரவியது அந்தக் காப்பிகளால்தான். பெட்டி தீராமல் இருந்ததும் அவற்றால்தான். இரண்டும் உண்மை. ரசிக்கிற ஆயிரம் பேரில் ஒருவர்கூடத் தன்னை வாங்க வேண்டிய ஆளாக நினைத்துக்கொள்வதில்லை. எல்லாருக்கும் தன்னுடையது ஒரே ஒரு காப்பிதான்.

எனக்குப் புத்தி வந்துவிட்டது. மற்றவர்களுக்கும் வந்திருக்கும் என்று நம்பினேன்.

போன புதன்கிழமை காலை. எஸ்டேட் ஆபீசில் பேர் எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து எஸ்டேட் ரைட்டர், கையில் ஒரு கேசட்டோடு வந்து நிற்கிறார். முகமெல்லாம் பணிவு.

“ஏனுங்க ரைட்டரு, உங்க டேப்பையும் கேசட்டையும் கொஞ்சம் குடுங்களேன். முழுசா வேண்டாமுங்க, மத்ததெல்லாம் எங்ககிட்ட இருக்குது. அந்த இருபதாவது வளைவு மட்டும் புடிச்சுக்கறேன்.”

“டேப்பு ரிப்பேருங்க” என்றேன். பொய்தான்... ஆனால், மலைப்பாதையில் குடியிருக்கிற மனுஷன் எப்போதாவது ஒரு தடவை வளைந்து போகலாம்.